மாவு மில்லில் குடியிருந்தவர்கள்

வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் முத்திரைத்தாள் விற்பவருக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நின்றுதான் ஆக வேண்டும் என்கிற அளவில் ஒரு அறை. பன்னிரண்டு வருடத்தில் நாலாயிரம் ஒப்பந்தமாவது அடித்திருப்பான். அதில் ஒன்றையாவது முழுசாகப் படித்ததுண்டா என்று கேட்டால் இல்லை. பேர், கதவு எண், வாடகை, தேதி. இந்த நாலு இடத்தில் மட்டும்தான் அவன் கண் நிற்கும். கடைசியாக அடித்த ஒப்பந்தத்தைத் திறப்பான், நாலையும் மாற்றுவான், பிரின்ட் கொடுப்பான். ஏழு நிமிடம். அந்த வட்டாரத்தில் அவனைவிட வேகமாக அடிப்பவர் கிடையாது. எல்லோரும் அவனை டைப்பிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். வீட்டுச் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட அப்படித்தான்.

ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கும் காகிதம் அடித்தவனுக்குத் தனக்கு ஒரு வீடு பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. காரணம் அவனுடைய இரட்டைப் பிள்ளைகள். இப்போது நாலு வயதாகும் ஒரு பையனும் ஒரு பெண்ணும். ஒன்று ஓடினால் மற்றது துரத்தும், துரத்துவது களைத்தால் முதலாவது திரும்பித் துரத்தும். வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பேச்சு நன்றாகத்தான் போகும். பிள்ளைகள் மாடிப்படியில் ஒரு தடவை ஏறி இறங்கியதும், "நேத்துதான் ஒருத்தர் வந்து பேசிட்டுப் போனாரு, மறந்தே போச்சு" என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிவார். இப்படிப் பதினோரு வீடு. மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ், பாதி மாதம் இரவு வேலை. கண்ட நேரத்தில் கதவு தட்டுவார்கள் என்று அதற்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

பன்னிரண்டாவதாகக் கிடைத்தது கண்டக்டரம்மாவின் மாடி. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். குரல் இன்னும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். பிள்ளைகளைப் பார்த்து அவர் ஒன்றும் பயப்படவில்லை. "காலைல ஸ்கூல் ட்ரிப்புல நூத்தி இருபது பசங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ரெண்டு என்ன பண்ணிடும்?" என்றார். மறுநாளே அவனுடைய அறைக்கு வந்து நின்று, "சீக்கிரம் அடி தம்பி, எனக்கு நிக்க நேரமில்ல" என்று தலைக்கு மேல் அவசரப்படுத்தினார். அவனும் தன் ஒப்பந்தத்தை அஞ்சே நிமிடத்தில் அடித்தான். "எங்க கையெழுத்து?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் எல்லாம் சரசரவென்று போட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவனும் போட்டான். இரண்டு வருடம் அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எடுக்க வைத்தது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அது அடியில் விரிசல் விட்டு, படுக்கையறைக் கூரை வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவளுடைய நெற்றிக்கு நேர் மேலே. மனைவி கட்டிலை நகர்த்தினாள். சொட்டும் பின்னாலேயே நகர்ந்தது. மூன்று தடவை சொல்லி அனுப்பியும் கண்டக்டரம்மா, "பாக்கலாம் பாக்கலாம்" என்றதோடு சரி.

அப்படி ஒரு பகல். பக்கெட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கிப் படுத்திருந்தவள் சாவி திரும்பும் சத்தம் கேட்டு விழித்தாள். கண்டக்டரம்மா கூடத்தின் நடுவில் நின்று சுவரில் அடித்திருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"யாரு? என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம உள்ள வந்து நிக்கிறீங்க?"

"என் வீட்டுக்குள்ள வர நான் யார்கிட்ட டிக்கெட் வாங்கணும்? ஆணி ஏழு இருக்கு. நாலுதான் நான் சொன்னது."

"கூரை ஒழுகுதுன்னு சொன்னப்ப வராதவங்க, ஆணி எண்ண மட்டும் வந்துட்டீங்களா? குடியிருக்கிற வீட்டுக்குள்ள முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் வரணும். ரிப்பேர் செஞ்சு குடுக்கறது உங்க பொறுப்பு. அக்ரிமென்ட்ல என்ன இருக்குன்னு எடுத்துப் பாருங்க."

"எனக்கே ரூல்ஸா?" என்றார் கண்டக்டரம்மா. "ஒழுகுற வண்டியில யாரு உன்னை ஏறச் சொன்னா? ஒரு வாரம். அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிக்க."

அவன் வீட்டுக்கு வந்ததும் மனைவி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "ஒரு வாரத்துல எங்க போறது? இந்த ரெண்டையும் பார்த்துட்டு நமக்கு யாரு குடுப்பா?"

"பயப்படாத. நான்தானே அடிச்சேன், எல்லாம் பக்காவா இருக்கும்" என்றான் அவன். அந்த வீட்டில் உள்ளே தாழ் போடக்கூடிய ஒரே இடம் குளியலறை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய், கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடகை ஒப்பந்தத்தை முதலிலிருந்து படித்தான்.

முதல் பக்கம் நன்றாக இருந்தது. பேர் சரி, கதவு எண் சரி. இரண்டாம் பக்கம் மூன்றாவது விதியை இரண்டு தடவை படித்தான். 'மேற்படி இடத்தை மாவு அரைக்கும் தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டியது.' ஐந்தாவது விதி: 'இரவு எட்டு மணிக்குப் பிறகு இடம் பூட்டப்பட வேண்டியது, யாரும் உள்ளே தங்கக் கூடாது.' ஏழாவது: 'மாவுத் தூசி தீப்பற்றும் என்பதால் எக்காரணம் கொண்டும் அடுப்பு மூட்டக் கூடாது.'

அன்றைக்கு அவனுக்கு முன்னால் வந்தவர் ஒரு மாவு மில்காரர். அவருடைய ஒப்பந்தத்தைத் திறந்து, நாலு இடத்தை மாற்றி, பிரின்ட் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு வருடமாக அவன் குடும்பம் ஒரு மாவு மில்லில் சட்டவிரோதமாகச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க? பக்காவா இருக்கா?"

"ம்... இருக்கு."

"குடுங்க, நானும் பார்க்கறேன்."

"ஈரம்... கையெல்லாம் ஈரம்."

கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் அவள் கை நீண்டது. பதினைந்து வருடம் நோயாளிகள் ஒளித்து வைத்த சிகரெட்டைப் பிடுங்கிய கை அது. கொடுத்துவிட்டான். அவன் தாழைத் திறந்து மெல்ல எட்டிப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து, காகிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"நாலாயிரம் அடிச்சேன் நாலாயிரம் அடிச்சேன்னு பீத்திக்கிட்டீங்களே. நாம இருக்கற வீட்டுக்கு ஒண்ணு ஒழுங்கா அடிக்கத் தெரியல. ஒரு இன்ஜெக்‌ஷன் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம நான் குத்தினா என்ன ஆகும்?"

"செத்துருவாங்க."

"அதைத்தான் சொல்றேன்."

விடிந்ததும் கீழேயிருந்து கண்டக்டரம்மாவின் குரல் ஏறி வந்தது. அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பிரதியைப் படித்திருக்கிறார். "அஞ்சாவது விதி! யாரும் ராத்திரி தங்கக் கூடாது. ஏழாவது விதி! அடுப்பு மூட்டக் கூடாது. இப்ப மேல தாளிக்கிற வாசனை வருதே, அது எந்த விதியில வருது? கையெழுத்து போட்டவரே, கொஞ்சம் இறங்கி வாங்க!"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க இறங்கப் போனான். மனைவி தடுத்தாள். அவளும் இரவெல்லாம் வார்டில் நோயாளிகளுக்கு நடுவே அதே காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஒன்பதாவது விதியையும் படிங்கம்மா! சத்தத்தைப் பத்தி உரிமையாளர் ஒரு வார்த்தை ஆட்சேபிக்கக் கூடாது. பத்தாவது! கூரை ஒழுகினா மாவு நனையும், அதனால இருபத்தி நாலு மணி நேரத்துல சரி பண்ணித் தரணும். பதிமூணாவது! மெஷினைப் பெயர்த்து எடுக்க வேண்டியிருக்கறதால, காலி பண்ணச் சொன்னா ஆறு மாசம் டைம் குடுக்கணும், அதுவும் எழுத்துல!"

கண்டக்டரம்மா காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். "மெஷின் எங்க?"

"மேல வந்து பாருங்க. சொல்லிட்டு வாங்க."

கண்டக்டரம்மா ஏறி வந்தபோது சமையல் மேடையில் மிக்ஸி இருந்தது. நாலு பக்கமும் மருத்துவமனை பிளாஸ்திரி போட்டு மேடையோடு இறுக்கி ஒட்டியிருந்தாள். "பொருத்தியாச்சு" என்றாள் மனைவி.

"இது மில்லா?"

"அரைக்குதா இல்லையா?"

அடுத்த மூன்று நாளும் அவன் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றான். காலை எட்டு மணிக்கு மில் திறக்கும். மனைவி வெறும் மிக்ஸியை ஓட விடுவாள். பிள்ளைகளுக்கு ஒன்பதாவது விதியின் பலன் எப்படியோ புரிந்துவிட்டது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குதித்துக் குதித்து ஓடினார்கள். கீழே தட்டுகள் ஆடும் சத்தம் கேட்டது. கண்டக்டரம்மா இரவு சரியாக எட்டு மணிக்குப் படியடியில் வந்து நின்று பழைய விசிலை ஊதினார். ஊதிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த விசில் கேட்டதும் பிள்ளைகள் வரிசையாகக் கதவருகே வந்து நின்றுகொண்டார்கள். எங்கேயோ ஊர் போகிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கண்டக்டரம்மா முதுகில் ஒரு மூட்டையோடு மேலே வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"பதினோராவது விதி" என்றார். "உரிமையாளர் வீட்டுக்கு மாசம் அஞ்சு கிலோ தானியம் கூலியில்லாம அரைச்சுத் தரணும். ரெண்டு வருஷமா ஒரு பிடி மாவு வந்ததில்ல. நூத்தி இருபது கிலோ பாக்கி. இப்போதைக்குப் பத்து கிலோ கோதுமை கொண்டாந்திருக்கேன். சாயங்காலம் வரேன். நைசா இருக்கணும்."

மனைவி மூட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அடிச்சது நீங்கதானே. அரைக்கறதும் நீங்களே."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி. அரைத்து, சலித்து, மறுபடி அரைத்து. இரண்டாவது கிலோ முடியும்போது தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் மாவில் கைவைத்துச் சுவரில் அச்சுப் பதித்தார்கள். மூன்றாவது கிலோவில் மிக்ஸி ஒரு மாதிரி முனகியது. பிறகு கருகிய வாசனை. பிறகு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வந்த கண்டக்டரம்மா மிக்ஸியைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறியிருந்தது. "மெஷின் போச்சு" என்றார். "அப்போ ஆறு மாசமும் போச்சு. மூணு நாள் இருக்கு. மூட்டை கட்டு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. படியிறங்கியதும் யாரிடமோ தொலைபேசியில், 'புதன்கிழமை மாடி காலியாகுது, வந்து பாருங்க' என்று பேசியது மேலே வரை கேட்டது. மனைவி சுவரில் பதிந்த பிள்ளைகளின் கையச்சுகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்தபடியே, "நாளைக்கு வாடகை ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். நீங்களும் வரணும். வந்து உண்மையைச் சொல்லணும்" என்றாள்.

"என்ன உண்மை?"

"படிக்காம அடிச்சேன்னு."

வாடகைத் தகராறு அலுவலகம், அவனுடைய அறை இருந்த அதே தெருவில், பதிவு அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. அவசர மனு என்பதால் செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டுவிட்டார்கள். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள். எல்லோரும் அவனிடம் ஒப்பந்தம் அடித்துக்கொண்டவர்கள்.

அலுவலர் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. மனுவையும் கண்டக்டரம்மா எழுதிக் கொடுத்த புகாரையும் புரட்டிவிட்டு, ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தார். படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார்.

"நீங்க மில் வச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் மனைவி.

"இருந்துச்சு மேடம்" என்றார் கண்டக்டரம்மா. "ஞாயித்துக்கிழமை எரிஞ்சு போச்சு. மில்லு இல்லாதவங்களுக்கு மில்லுல என்ன வேலை?"

"இதை அடிச்சது யாரு?"

தெரிந்துதான் அடித்தேன், மில் வைக்கத்தான் எடுத்தோம், வேறு மெஷின் வாங்கப் போகிறோம் என்று சொல்லலாம். ஆறு மாதம் கிடைத்தாலும் கிடைக்கும். தொழிலும் தப்பும். பின்னால் பெஞ்சில் அவன் அடித்த காகிதங்கள் அத்தனை பேர் மடியிலும் இருந்தன. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்" என்றான். "எனக்கு முன்னாடி ஒரு மில்காரர் வந்தாரு. அவர் ஒப்பந்தத்துல பேரை மட்டும் மாத்திட்டேன். படிக்கல. நாங்க அங்க குடியிருக்கத்தான் போனோம். இந்தம்மாவும் குடியிருக்கத்தான் விட்டாங்க."

பின்னால் பெஞ்சில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு ஏழெட்டு. "யோவ் டைப்பிஸ்ட்" என்று ஒரு குரல், "என் வீட்டுல வண்டி நிறுத்த மட்டும்தான் அனுமதின்னு போட்டிருக்கேய்யா!"

"சத்தம் போடாதீங்க" என்றார் அலுவலர். கண்டக்டரம்மாவைப் பார்த்தார். "நீங்களும் படிக்காமத்தான் கையெழுத்து போட்டீங்களா?"

"அவசரம் மேடம்."

"சரி. அப்போ இந்தப் பேப்பர் ரெண்டு பேர் மனசுலயும் இருந்ததைச் சொல்லல. தூக்கிப் போடலாம்."

"பேப்பரே இல்லன்னா அவங்களும் இல்ல. இறங்கட்டும்!"

"அது முடியாது. ரெண்டு வருஷமா வாடகை வாங்கியிருக்கீங்க, அவங்க குடியிருந்திருக்காங்க. பேப்பர் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க உங்க குடித்தனக்காரங்கதான். ஒரு வாரத்துல போன்னு வாயால சொல்லி அனுப்ப முடியாது. காரணம் வேணும், எழுத்துல குடுக்கணும், சட்டம் சொல்ற அவகாசம் குடுக்கணும். கூரை ஒழுகுதுன்னு சொன்னது காரணம் ஆகாது. அது உங்க வேலை." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் வெற்றிச் சிரிப்பு வரப்போனது. "உங்களுக்கும் இருக்கு. வாடகையைத் தேதியில குடுக்கணும். கேக்காம ஆணி அடிக்கக் கூடாது. ஏழு ஆணியாமே? பிளாஸ்திரி ஒட்டின மேடையில பெயிண்ட் உரிஞ்சிருந்தா அதை நீங்கதான் பூசணும். வேணும்னே சத்தம் போட்டுக் கீழ இருக்கவங்களை வாட்டக் கூடாது."

சிரிப்பு வராமலே நின்றது.

"புது ஒப்பந்தம் போடுங்க. இப்பவே, இங்கயே" என்றார் அலுவலர்.

"இவன் அடிக்கக் கூடாது" என்றார் கண்டக்டரம்மா.

"எங்க ஆளு லீவு. வேற யாரும் இல்ல."

அப்படியாக அவன் அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்தான். வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் வீட்டுக்காரம்மா. வெற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். பன்னிரண்டு வருடத்தில் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தே அவனுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வரி அடித்ததும் கண்டக்டரம்மா அதை மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும்படி உரக்கப் படித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டார்கள். தொட்டியைப் பத்து நாளைக்குள் சரிசெய்வது என்று முடிவாக முக்கால் மணி நேரம். ஆணி ஐந்தில் நின்றது. உரிமையாளர் உள்ளே வருவதற்கு ஒருநாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற வரியில் கண்டக்டரம்மா ரொம்ப நேரம் உதட்டைக் கடித்தபடி இருந்தார்.

"தீப்பிடிச்சா?"

"தீப்பிடிச்சா சொல்லாம வாங்க" என்றாள் மனைவி. அதையும் அடித்தான்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் சண்டை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். கண்டக்டரம்மா, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஓடக் கூடாது" என்றார். மனைவி உடனே, "பகல்லயும் பத்துலேர்ந்து மூணு வரைக்கும் ஓடக் கூடாதுன்னு சேருங்க. நான் தூங்கணும்" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்து, "சேர்" என்றார்கள். அந்த ஒப்பந்தத்தில் பேரமே இல்லாமல் முடிந்த விதி அது ஒன்றுதான். அதை நிறைவேற்ற வேண்டிய இரண்டு பேரும் அப்போது வாசலில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நிமிட வேலைக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. கையெழுத்து போட்டார்கள். வெளியே வரும்போது கண்டக்டரம்மா நின்றார். மனைவியிடம் நேராகப் பேசாமல் அவனைப் பார்த்தே சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்குத் தொட்டி வேலைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன். ஒருநாள் முன்னாடி சொல்லியாச்சு."

"பத்து மணிக்கு நான் தூங்குவேன்" என்றாள் மனைவி, அவளும் அவனைப் பார்த்தே. "நாலு மணின்னா சௌகரியம்."

மறுநாள் அவன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். அறை வாசலில் பழைய ஒப்பந்தங்களோடு நின்ற கூட்டத்துக்குப் பயந்து என்றும் சொல்லலாம். படியேறியவன் பாதியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. மேல்படியில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால், கண்டக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பின்னால் சிமென்ட் சட்டியும் கரண்டியுமாகக் கொத்தனார்.

"என்னம்மா நிக்கிறீங்க? உங்க வீடுதானே? சாவியும் கையில இருக்கே" என்றார் கொத்தனார்.

"பேசாம நில்லுய்யா" என்று கண்டக்டரம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."